ஆக்ஸிஜன் வந்துகொண்டிருக்கிறது

என் வீட்டுக்காரரின் முகம் இந்த ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. குரல் தெரியாதவர்கள் ஒருவர்கூட இல்லை. செருப்பு, துணி, பிரஷர் குக்கர், கண் பரிசோதனை முகாம், குடிநீர்க் குழாய் பழுது, காணாமல் போன நாய் என்று அந்தக் குரல் சொல்லாத சங்கதி கிடையாது. கடைத்தெருவில் இவர் பக்கத்திலேயே நின்று தக்காளி பொறுக்குகிறவர், இவர் வாயைத் திறந்து விலை கேட்ட பிறகுதான் திரும்பிப் பார்ப்பார். "அட, நம்ம மைக் அண்ணன்!" என்பார். கடைக்காரரும் ஒரு கை தக்காளி கூடுதலாகப் போடுவார். அந்த வகையில் இந்தக் குரலால் எனக்கும் லாபம் உண்டு, மறுக்க மாட்டேன்.

வண்டி ஓட்டுவது நான். சின்ன வேன். கூரைமேல் முன்பக்கம் பார்த்து ஒன்றும் பின்பக்கம் பார்த்து ஒன்றுமாக இரண்டு கூம்பு ஒலிபெருக்கிகள். ஆம்ப்ளிஃபையர் என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கும். மைக்கின் பொத்தானை விரலால் அழுத்திப் பிடித்திருக்கிற வரைதான் சத்தம் போகும், விரலை எடுத்தால் நின்றுவிடும். நாள் முழுக்க அழுத்தி அழுத்தி இவர் கட்டைவிரல் வீங்கிப்போனது. அதற்கு இவர் கண்டுபிடித்த வைத்தியம், பொத்தானின்மேல் ஒரு ரப்பர் பேண்டை இறுக்கிச் சுற்றிவிடுவது. பேசி முடித்ததும் அதை நகர்த்திவிட வேண்டும். நகர்த்த மறந்த நாட்களில் வண்டிக்குள் நாங்கள் போட்ட சண்டை தெரு முழுக்கக் கேட்டிருக்கிறது. ஒருமுறை சலூன்காரர் கையில் சீப்போடு வெளியே வந்து, "அண்ணி சொல்றதுதான் நியாயம் அண்ணா" என்று தீர்ப்புச் சொன்னார். புது மைக் வாங்குங்கள் என்று நானும் தலைபாடாய் அடித்துக்கொண்டேன். "வாங்கிடலாம், வாங்கிடலாம்" என்றார்.

வாங்க மாட்டேன் என்று சொல்ல மாட்டார். இவர் வாயில் "இல்லை" என்ற சொல் வராது. மைக் பிடித்துப் பிழைக்கிற எல்லாருக்குமே இந்தப் பழக்கம் உண்டு. சரக்கு தீர்ந்துவிட்டதா, "புதிய சரக்கு விரைவில் வருகிறது." நிகழ்ச்சி ரத்தா, "வேறொரு நாளில் மேலும் சிறப்பாக." காலையில் தண்ணீர் வராதா, "மாலை முதல் தடையின்றித் தண்ணீர் வரும்." ஒலிபெருக்கிக் குழாயில் "இல்லை" என்று கேட்டால் ஜனங்கள் ஜன்னலைச் சாத்திவிடுவார்கள், மிச்சம் எதுவும் காதில் ஏறாது என்பார். அது மைக்கோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வீட்டிலும் அதே கதைதான். "கேஸ் சிலிண்டருக்குச் சொல்லிட்டீங்களா?" என்றால் "வந்துடும்" என்பார். சொல்லவில்லை என்று அர்த்தம். எனக்கு அந்த அர்த்தம் தெரியும். ஊருக்குத் தெரியாது.

நான் நேர்மாறு. எதையும் முகத்துக்கு நேரே போட்டு உடைத்துவிடுவேன். என் நாத்தனாரும் அதே ரகம். அதனாலேயே எங்கள் இருவருக்கும் ஆகாது.

நாத்தனார் இவருக்கு அக்கா. அம்மா போன பிறகு சோறு ஊட்டி இவரை ஆளாக்கியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பள்ளிச் சீருடை தைப்பது தொழில். மேட்டுத் தெருவில் ஒரு மாடி அறை, ஜன்னலை ஒட்டித் தையல் மிஷின். எங்கள் வண்டி அந்தத் தெருவுக்குள் நுழைந்ததும் மிஷின் சத்தம் நின்று ஜன்னலில் தலை தெரியும். இவர் பேசி முடிக்கிற வரை உதட்டைக் குவித்துக் கேட்டுவிட்டு, சத்தம் போதாது என்று கையை மேலே மேலே தூக்கிக் காட்டுவார். மறுநாள் போனில் விமர்சனம் வந்துவிடும். "நேத்து சிறப்புத் தள்ளுபடின்னு சொல்றப்ப உனக்கு மூச்சு வாங்குச்சு. அவ என்னதான் சாப்பிடக் குடுக்கிறா?" அந்த "அவ" நான்தான். நான் அவருக்கு வைத்த பெயர் கமிஷனர். "அவ ஓட்டுற வண்டியில ஏறுறதுக்கு நான் நடந்தே போயிடுவேன்" என்று ஒருநாள் சொன்னவர், சொன்ன சொல் தவறவில்லை. கொட்டுகிற மழையில் தைத்த துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு நடந்து போனார். பக்கத்தில் போய் இரண்டு தடவை ஹார்ன் அடித்துப் பார்த்துவிட்டு நானும் என் வழியே போய்விட்டேன்.

ஊரில் ஃப்ளூ காய்ச்சல் பரவத் தொடங்கியபோது சுகாதார அலுவலகத்திலிருந்து எங்களைக் கூப்பிட்டார்கள். பொறுப்பில் இருந்தவர் ஒரு நர்ஸ். சின்ன வயதுதான். ஆனால் முகக்கவசத்தின் தடம் மூக்கின்மேல் தழும்பாகப் பதிந்திருந்தது. கைகளை சோப்புப் போட்டுக் கழுவுங்கள், இருமும்போது வாயை மூடுங்கள், காய்ச்சல் வந்தால் வீட்டிலேயே இருங்கள் என்று ஊரெல்லாம் சொல்லச் சொன்னார். சொன்னோம். ஜனங்கள் சிரித்தார்கள். "எத்தனை பர்சன்ட் தள்ளுபடிண்ணா?" என்று ஒருத்தன் மோட்டார் சைக்கிளில் கூடவே வந்தான். "ரெண்டு தடவை இருமினா ஒரு தடவை இலவசமா?" என்று இன்னொருத்தன் கேட்டான். இவரும் மைக்கிலேயே சிரித்துத் தொலைத்தார். நர்ஸிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

அப்புறம் சிரிக்கிறவர்கள் குறைந்தார்கள். பேக்கரிக்காரர் போனார், அடுத்து அவர் மருமகள். எங்களை வேலைக்கு அழைக்கும் துணிக்கடை முதலாளி போனார். தெருக்களில் எங்கள் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை. ஊருக்கு வெளியே போகும் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டார்கள். பெஞ்சுகளைச் சேர்த்துக் கட்டில் ஆக்கினார்கள், ஆளுயரச் சிலிண்டர்களைக் கொண்டுவந்து வரிசையாக நிறுத்தினார்கள். "மருத்துவர் இருக்கிறார், மருந்து இருக்கிறது, ஆக்ஸிஜன் இருக்கிறது, உடனே வாருங்கள்" என்று இவர் அறிவித்தார். இவர் குரலுக்கென்றே எழுதிய வாசகம் அது. ஜனங்கள் வந்தார்கள். பிழைத்துத் திரும்பியவர்கள் தெருவில் எங்கள் வண்டியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். மூச்சு கொடுத்தது ஏதோ இவர்தான் என்கிற மாதிரி. இவருக்கும் தலைகால் புரியவில்லை. அந்தச் சில நாட்கள் நானும் இவரை நினைத்துப் பெருமைப்பட்டேன்.

அப்படி இருக்கும்போது ஒருநாள் காலையில் நர்ஸ் வண்டிக்கே வந்து ஒரு தாளை நீட்டினார்.

"அண்ணா, எல்லா சிலிண்டரும் தீர்ந்துபோச்சு. அடுத்த லாரி எப்ப வரும்னு எனக்கே தெரியல. மூச்சுத் திணறலோட இங்க வந்து உக்காந்தா அவங்களுக்கு நேரம்தான் வீணாகும். பாலத்தைத் தாண்டி நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். தாள்ல இருக்கிறதை ஒரு வார்த்தை மாத்தாம சொல்லுங்க."

நானும் எட்டிப் பார்த்தேன். முகாமில் ஆக்ஸிஜன் இல்லை. மூச்சுத் திணறல் உள்ளவர்கள் முகாமுக்கு வர வேண்டாம். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குச் செல்லவும். அவ்வளவுதான் எழுதியிருந்தது. இவர் அதை உதட்டை அசைத்து அசைத்துத் திரும்பத் திரும்பப் படித்தார். முதல் தெருவுக்குள் நுழைந்ததும் ரப்பர் பேண்டை மாட்டினார், தொண்டையைச் செருமினார்.

"அன்பார்ந்த பொதுமக்களே! பள்ளிக்கூட முகாம் தொடர்ந்து சிறப்பாக நடைபெற்று வருகிறது. ஆக்ஸிஜன் வந்துகொண்டிருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியிலும் தகுந்த ஏற்பாடுகள் செய்யப்பட்டுள்ளன. பொதுமக்கள் பதற்றம் அடைய வேண்டாம்."

நான் பிரேக்கை மிதித்தேன். இவர் ரப்பர் பேண்டை நகர்த்துகிற வரை காத்திருந்து, "என்னங்க இது, தாள்ல அப்படியா போட்டிருக்கு?" என்றேன்.

"விஷயம் அதேதான்."

"எங்கங்க அதே விஷயம்? வராதீங்கன்னு போட்டிருக்கு. நீங்க வாங்க வாங்கன்னு சொல்றீங்க."

"ஆக்ஸிஜன் இல்லைன்னு குழாயில கத்தச் சொல்றியா? உள்ள படுத்துக் கிடக்கிறவன் அதைக் கேட்டே செத்துடுவான். வருதுன்னு சொன்னா கொஞ்சம் தெம்பா இருப்பான். லாரி வரத்தானே போகுது?"

"எப்ப வரும்னு தெரியாதுன்னு அந்தப் பொண்ணு சொல்லுது!"

"வந்துடும்" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அதற்குள் பின்னால் ஒரு தண்ணீர் லாரி வந்து ஹார்ன் அடித்தது. சந்து குறுகலானது. சாயங்காலம் வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்று கியரைப் போட்டேன். தெருத் தெருவாக இவர் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். சொல்லச் சொல்ல வாசகம் இன்னும் வழவழப்பாக ஆயிற்று. மேட்டுத் தெருவுக்குள் நுழைந்தபோது தையல் மிஷின் சத்தம் கேட்கவில்லை. ஜன்னலில் நாத்தனார் தலை மட்டும் தெரிந்தது. கன்னத்தைக் கம்பியில் சாய்த்துக்கொண்டு கேட்டார். கையைத் தூக்கவில்லை. முடிந்ததும் சரி என்று தலையை ஆட்டினார்.

"பாத்தியா, அக்காவே இன்னைக்குக் குறை சொல்லல" என்று இவர் சந்தோஷப்பட்டார்.

மத்தியானம் நாங்கள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பியபோது வாசலில் எள் போட்டால் விழாத கூட்டம். நர்ஸ் எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தார். கையை ஓங்கவில்லை, அவ்வளவுதான்.

"ஊருக்குள்ள என்னண்ணா சொன்னீங்க? காலையில இருந்து வந்துட்டே இருக்காங்க. போகச் சொன்னா போக மாட்டேங்கிறாங்க. இப்ப வந்துடும்னு மைக் அண்ணன் சொன்னாருங்கிறாங்க. நான் சொல்றதை ஒருத்தரும் நம்பல!"

அப்போதுதான் நடைவழியில் கிடந்த பெஞ்சில் நாத்தனாரைப் பார்த்தேன். நிமிர்ந்து உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்திருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் இரண்டும் மேலே ஏறி இறங்கின. உதடு நீலம் பாரித்திருந்தது. எதிரே, தீர்ந்துபோன சிலிண்டர்கள் சுவரோடு நின்றிருந்தன.

அவர் வீட்டின் கீழ்த் தளத்தில் குடியிருக்கும் டாக்ஸிக்காரர் பக்கத்தில் நின்றிருந்தார். "நேத்தே முடியாமத்தான் இருந்தாங்க. தம்பிக்குச் சொல்லாதேன்னுட்டாங்க. காலையில மூச்சு முட்ட ஆரம்பிச்சதும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னு வண்டியை எடுத்துட்டேன். அந்த நேரம் பாத்து உங்க வண்டி வந்துச்சு. 'என் தம்பியே சொல்லிட்டான், இங்கயே வருதாம், அவ்வளவு தூரம் எதுக்கு'ன்னு பள்ளிக்கூடத்துக்கு விடச் சொல்லிட்டாங்க. பக்கத்து வீட்டுல முடியாம இருந்த ரெண்டு பேரையும் அவங்கதான் கூப்பிட்டு ஏத்தினாங்க."

நாத்தனார் தம்பியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "வந்துடுச்சாடா?" என்றார். பாதிதான் சத்தம் வந்தது.

"வந்துட்டே இருக்குக்கா" என்றார் இவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அக்கா, இங்க ஆக்ஸிஜன் இல்ல. வரவும் வராது. எழுந்திருங்க, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்" என்று கையைப் பிடித்தேன்.

அவர் என் பக்கமே திரும்பவில்லை. "இவ ஏதோ சொல்றா. நீ சொல்லுடா" என்றார்.

இவர் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இப்போதாவது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். "பெரிய ஆஸ்பத்திரிக்கு நிறைய வந்து இறங்கியிருக்காம்கா" என்றார். "அங்க போனா உடனே வச்சுடுவாங்க." அதைக் கேட்ட பிறகுதான் நாத்தனார் எழுந்தார்.

வேனின் பின்புறத்தில் கிடந்த நோட்டீஸ் பெட்டிகளைத் தூக்கித் தெருவில் போட்டோம். முகாம் மெத்தை ஒன்றை விரித்துப் படுக்க வைத்தோம். இவர் பின்னால் அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டார். மைக் வயரை இழுத்துப் பின்னால் கொண்டுபோனார், வழி கேட்க உதவும் என்று. டாக்ஸிக்காரர் தன் வண்டியில் மற்ற இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு எங்கள் பின்னால் வந்தார். நான் வண்டியைக் கிளப்பியதும் நாத்தனார் கண்ணைத் திறந்தார்.

"இவளா ஓட்டுறா?"

"ஆமாக்கா."

"அப்ப போய்ச் சேர்ந்த மாதிரிதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. நல்லபடியாகத் திரும்பி வந்து இன்னும் ஆயிரம் தடவை என்னைத் திட்டட்டும் என்று வேண்டிக்கொண்டேன். மனதாரத்தான் வேண்டிக்கொண்டேன்.

பாலத்தின்மேல் வண்டிகள் அடைத்து நின்றன. போகிற பக்கம் முழுக்க வண்டி, வருகிற பக்கம் காலி. அந்தப் பக்கம் போனவர்கள் யாரும் திரும்பி வரவில்லை என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை. இவர் ரப்பர் பேண்டை மாட்டிக்கொண்டு, "அன்புள்ளம் கொண்ட வாகன ஓட்டிகளே, உள்ளே அவசர நோயாளி இருக்கிறார், தயவுசெய்து வழி விடுங்கள்" என்றார். முன்னால் நின்ற காரிலிருந்து ஒருவர் தலையை நீட்டி, "என் வண்டியிலயும் இருக்காங்கண்ணா" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஒவ்வொரு வண்டியிலும் ஒருவர் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். இவர் மறுபடி கேட்டார், கெஞ்சினார், அப்புறம் நிறுத்திவிட்டார். பின்னால் மைக் மெத்தைமேல் விழுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கூரையிலிருந்தும் கேட்டது. எனக்கு உறைக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு குரல் வந்தது. "வந்துடுச்சாடா?"

மெல்லிய குரல். ஆனால் அது பாலம் முழுக்கக் கேட்டது. நான் திடுக்கிட்டுக் கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். இவர் அக்காவின் தலையை மடியில் தூக்கி வைத்துக் குனிந்திருந்தார். மைக் அக்காவின் தோளோடு ஒட்டிக் கிடந்தது, பொத்தான்மேல் ரப்பர் பேண்ட்.

"வந்துடுச்சுக்கா" என்றார் இவர். என் முதுகுக்குப் பின்னாலும் கேட்டது, தலைக்கு மேலும் கேட்டது. "ஆக்ஸிஜன் வந்துடுச்சு. நிறைய வந்துடுச்சு. நல்லா இழுத்து விடுக்கா."

நீளமாக ஒரு மூச்சு இழுபடுகிற ஓசை ஒலிபெருக்கியில் வந்தது. "ஆமாடா" என்றார் நாத்தனார். "வந்துடுச்சு."

முன்னால் நின்ற காரின் கதவு திறந்தது. அதற்கு முன்னால் இன்னொரு கதவு. வண்டிகளிலிருந்து தலைகள் நீண்டன. "வந்துடுச்சாம்!" என்று யாரோ கத்தினார். "மைக் அண்ணன் சொல்றாரு! பள்ளிக்கூடத்துக்கு வந்துடுச்சாம்!" கண்ணாடியில் பார்க்கிறேன், டாக்ஸிக்காரர்தான் முதலில் திருப்பினார். காலியாகக் கிடந்த எதிர்ப்பக்கத்துக்கு வண்டியை ஒடித்து, வந்த வழியே பறந்தார். அடுத்தடுத்து எல்லாரும் திருப்பினார்கள். இரு பக்கமும் ஹார்ன் சத்தம் காதைப் பிளந்தது. ஒரு பெண் ஜன்னல் வழியே எங்களைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே போனாள். இவர் எதையும் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆம்ப்ளிஃபையரின் சுவிட்சு என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, பொய், அங்கே ஒன்றும் இல்லை, திரும்பாதீர்கள் என்று நான் கத்தியிருக்கலாம். எல்லாவற்றையும் போட்டு உடைக்கிறவள் நான். என் வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. எனக்கு முன்னால் பாதை திறந்துகொண்டிருந்தது. சுவிட்சை அணைத்தேன், ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். பாலத்தை அவ்வளவு வேகமாக நான் என்றைக்கும் கடந்ததில்லை.

பெரிய ஆஸ்பத்திரியின் வாசலில் காவலாளி கம்பிக் கதவைச் சங்கிலி போட்டுப் பூட்டி வைத்திருந்தார். "உள்ள இடம் இல்ல" என்றார். "ஆக்ஸிஜனும் இல்ல. நேத்துல இருந்தே இல்ல." ஒவ்வொரு "இல்ல"வையும் தனித்தனியாக எண்ணி வைக்கிற மாதிரி சொன்னார். காலையில் பாவம் அந்த நர்ஸ் எழுதிக் கொடுத்த தாளும் பழைய செய்திதான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வாசலோரம் மர நிழலில் வண்டிகள் நின்றிருந்தன. யாரும் இறங்கவில்லை.

நான் போட்ட சத்தத்தில் டாக்டர் ஒருவர் கதவு இடுக்கு வழியாக வெளியே வந்தார். வேனின் பின்னால் ஏறி, நாத்தனாரின் கழுத்தில் விரலை வைத்தார். நேரம் கொஞ்சம்தான் ஆயிற்று. விரலை எடுத்தார்.

"கடைசியா எப்பப் பேசினாங்க?"

"பாலத்துல" என்றார் இவர். "நல்லாத்தான் பேசினாங்க. மூச்சுகூட நல்லா இழுத்தாங்க."

"வீட்டுக்கே கொண்டுபோயிடுங்க. இங்க வைக்கவும் இடம் இல்ல" என்று சொல்லிவிட்டு டாக்டர் இறங்கினார். அடுத்த வண்டிக்குப் போனார்.

நான் பின்னால் ஏறி, நாத்தனாரின் சேலையைச் சரிசெய்தேன். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தடம். அந்தக் கையை முதல் தடவையாக அன்றைக்குத்தான் பிடித்துப் பார்த்தேன். வாய் விட்டு அழுதேன். இவர் அழவில்லை. "நம்பிட்டாங்க. நிம்மதியாத்தான் போனாங்க, இல்ல?" என்று என்னிடம் கேட்டார்.

நான் மெத்தைமேல் கிடந்த மைக்கை எடுத்து இவர் கண்முன்னால் காட்டினேன். ரப்பர் பேண்ட் அப்படியே இருந்தது. இவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வெளியில கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"யாராவது திரும்பினாங்களா?"

"எல்லாரும்."

"நீ ஏன் தடுக்கல?"

"நமக்கு வழி கிடைச்சுது" என்றேன்.

வீட்டுக்குப் போக அந்தப் பாலத்தைத் தவிர வேறு வழி கிடையாது. பாலத்தைத் தாண்டினால் பள்ளிக்கூடம். தூரத்திலேயே கூட்டம் தெரிந்தது. பாலத்திலிருந்து திரும்பிய வண்டிகள் அத்தனையும் அங்கேதான் நின்றன. வேனைப் பார்த்ததும் ஜனங்கள் ஓடி வந்து சூழ்ந்துகொண்டார்கள். என்னால் பள்ளிக்கூட வாசலுக்கு மேல் நகர முடியவில்லை. படிக்கட்டில் நர்ஸ் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

ஆம்ப்ளிஃபையரைப் போட்டு மைக்கை நானே எடுத்தேன். "இங்க ஆக்ஸிஜன் இல்ல. அது எங்க வீட்டுப் பேச்சு, தவறுதலா வெளியில கேட்டுடுச்சு" என்றேன். என் குரல் கீச்சென்று கிழிந்து போனது. "யாரும்மா நீ? அவரைப் பேசச் சொல்லு" என்றார்கள். "அவரு எங்க?" என்றார்கள். அந்தக் குரல்களில் இன்னும் நம்பிக்கை இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இவர் பின்னாலிருந்து கையை நீட்டி மைக்கை வாங்கினார். ரப்பர் பேண்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தினார்.

"அன்பார்ந்த பொதுமக்களே" என்றார். வேறு எப்படித் தொடங்குவதென்று இவருக்குத் தெரியாது. "ஆக்ஸிஜன் இல்லை. முகாமில் இல்லை. பெரிய ஆஸ்பத்திரியிலும் இல்லை." தள்ளுபடி விற்பனையை அறிவிக்கிற அதே குரல், அதே ஏற்ற இறக்கம். இவரிடம் இருப்பது அந்த ஒரு குரல்தான்.

யாரும் நகரவில்லை. யாரும் ஜன்னலைச் சாத்தவில்லை. டாக்ஸிக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அவர் வண்டியின் பின்சீட்டில் அந்த இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்திருந்தது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது.

"என்னண்ணா, இப்ப இப்படிச் சொல்றீங்க? நாங்க எல்லாரும்தானே கேட்டோம். அக்காவே வந்துடுச்சுன்னு சொன்னாங்களே. அவங்க குரல் எனக்குத் தெரியாதா? உங்க அக்காவுக்கு மட்டும் வந்துச்சு, எங்க ஆளுங்களுக்கு இல்லையா?" என்றார். பின்னால் நின்றவர்கள், "எங்க வச்சிருக்கீங்க? யாருக்குக் குடுத்தீங்க?" என்று கத்தத் தொடங்கினார்கள். யாரோ வேனின் பக்கவாட்டில் ஓங்கிக் குத்தினார்கள்.

இவர் மைக்கை வைத்துவிட்டுப் பின்கதவை உள்ளிருந்து தள்ளித் திறந்தார். கீழே இறங்கி ஓரமாக நின்றுகொண்டார். டாக்ஸிக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் இருந்தவர் பார்த்தார். அவருக்குப் பின்னாலும். முன்னால் இருந்த சத்தம் அடங்கியது, அந்த அமைதி மெல்லப் பின்வரிசை வரைக்கும் போயிற்று.

டாக்ஸிக்காரர் எட்டி நாத்தனாரின் கால்மேல் சேலையை இழுத்துவிட்டார். தினமும் மாடிப்படியில் பார்த்த மனுஷி. பிறகு திரும்பி, இவரிடம் கேட்காமல் என்னிடம் கேட்டார்.

"பெரிய ஆஸ்பத்திரியில நிஜமாவே இல்லையாம்மா?"

"இல்ல" என்றேன்.

இந்தத் தடவை நம்பினார். நம்பிய பிறகும் தன் வண்டியில் போய் உட்கார்ந்து, பாலத்தின் பக்கமே திருப்பினார். வேறு எந்தப் பக்கம் திருப்புவார். மற்றவர்களும் ஒவ்வொருவராக வண்டியைக் கிளப்பினார்கள். எங்கள் வேன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. நான் அதைப் பின்னால் எடுத்து அவர்களுக்கு வழி விட்டேன்.